ஆறு நீலமா இருக்கு?

கல்யாண வீட்டு அன்பளிப்பு மேசையில் சுவர்க்கடிகாரம் இருந்த இடத்துக்கு இப்போது ரெசின் பலகை வந்துவிட்டது. இரண்டு மரத்துண்டு, நடுவே ரெசின் ஊற்றி இறுகவைத்த பளபளவென்ற நீல ஆறு. பழமோ முறுக்கோ வைத்துப் பரிமாறலாம் என்று கொடுக்கிறார்கள். நானும் செய்து கொடுக்கிறவன்தான். என் சண்டையெல்லாம் அந்த நீலத்தோடு. பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் தாண்டிக் கூடலூர், கம்பம் வயல்களுக்கு வருவதைப் பார்த்தவர்கள் சொல்லட்டும், மழைக்காலத்தில் அது என்ன நிறம்?

மரத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. கறிக்கடைக் கட்டையைப் பாருங்கள், புளி. வருஷக்கணக்கில் கத்தி விழுந்தும் பிளக்காது. நடுவில் வைரம் ஊதா கலந்த கரும்பழுப்பு, சுற்றிலும் வெள்ளை இளமஞ்சள். கிளை பிரிகிற கவட்டையில்தான் ரேகை அழகு. அதைத்தான் வாள்பட்டறையில் விறகோடு ஒதுக்குவார்கள், கேட்டு வாங்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காயணும் என்பது தோராயக் கணக்கு. ஈரம் இருக்கிற மரத்தில் ரெசின் ஒட்டாது, ஒட்டினாலும் பிறகு விட்டுப்போகும்.

ரெசினும் ஹார்டனரும் கலந்தால் தானாகச் சூடேறித்தான் இறுகும். ஆழமாக ஒரே தடவையில் ஊற்றினால் சூடு மிஞ்சிப் புகையும், வெடிப்பும் விடும். கையுறை, மாஸ்க் இல்லாமல் தொடவே கூடாது. இன்னொன்று, ஆடியில் ஊற்றாதீர்கள். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் பட்டறைத் தூசியை மட்டும் விட்டுவைக்குமா? சாரல் ஈரத்தில் மேலே வெளுத்த படலம் வேறு படியும்.

அத்தைக்கு ஒன்று கொடுத்தேன். "இம்புட்டு அழகா இருக்குறதுல எப்பிடிய்யா வெங்காயம் வெட்டுறது?" என்று ஷோகேஸில் ஏற்றிவிட்டார். அவர் கேட்டது நியாயம். ரெசின்மேல் கத்தி பட்டால் கீறல் விழும். சாதாரண ரெசின் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், இட்லிக் குண்டானை இறக்கி வைத்தால் வட்டம் பதியும். பலகையில் பாதிக்குமேல் ரெசின் என்றால் அது பார்க்கத்தான் ஆகும்.

அதனால் நான் இப்போது வெடிப்பையும் பொந்தையும் மட்டுமே நிரப்புகிறேன். நிறமே கலக்காமல், இல்லையென்றால் திராட்சைக் கருப்பில். மற்றதெல்லாம் மரம். உப்புத்தாள் போட்டு இழைத்து, ரெசின் முழுசாக இறுக நாள் கொடுத்து, உணவுத் தர மினரல் ஆயிலும் தேன்மெழுகும் தேய்த்தால் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

கிஃப்ட் பேப்பரும் வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, அநேகமாக வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. பலகைமேல் ரெண்டு குலை வைத்து அப்படியே கையில் கொடுத்தால், வந்த விருந்தாளிக்கு அதிலேயே நீட்டியாக வேண்டும். ஷோகேஸில் ஏற்ற அவகாசம் இருக்காது.