மண்ணுல கார்பன் இருக்கு சரி, எத்தனை நாள் இருக்கும்?

பொட்டி தட்டுறவனுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க மக்களே. இந்த விஷயத்துல நம்ம துறையும் மூக்கை நுழைச்சிருக்கு, அதான் இந்தப் பதிவு.

விவசாயி தன் நிலத்துல கார்பனைச் சேர்த்து வச்சா அதுக்குக் காசு குடுக்கற திட்டங்கள் பல நாடுகள்ல வந்தாச்சு. ஆஸ்திரேலியாவுல அந்தக் காசு வேணும்னா, சேர்த்ததை 25 வருஷமோ 100 வருஷமோ காப்பாத்தறேன்னு ஒப்புக்கணும். 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டுல பிரான்ஸ் ஆரம்பிச்ச 'ஆயிரத்துக்கு நாலு' முயற்சியும் மண் கார்பனை வருஷா வருஷம் கொஞ்சம் ஏத்தறதைப் பத்திதான். நல்ல எண்ணம், மறுக்கலை. என் சண்டை ஒண்ணே ஒண்ணு. விலை பேசறது எவ்வளவு சேர்ந்துச்சுங்கற எண்ணை வச்சு. கையெழுத்து வாங்கறது எத்தனை வருஷம் நிக்கும்ங்கறதுக்கு. ரெண்டும் வேற வேற அளவை ஐயா!

முதல் எண் சுலபம். நம்மூர் மண் பரிசோதனைக் கூடங்கள்ல பெரும்பாலும் வாக்லியும் பிளாக்கும் 1934-ல் எழுதின முறைதான்: டைகுரோமேட், கந்தக அமிலம், அப்புறம் ஒரு கணக்கு. மண் வள அட்டையில அங்ககக் கரிமம் இத்தனை சதவீதம்னு வந்துடும். போன மாசம் உதிர்ந்த இலையும், பல நூறு வருஷமா களிமண் துகளோட ஒட்டிக் கிடக்கறதும் அந்தச் சதவீதத்துல ஒண்ணுதான். டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லிட்டு, அதுல கேஷ் எவ்வளவு, ஆர்க்கைவ் எவ்வளவுன்னு சொல்லாத மாதிரி.

ரெண்டாவது எண்ணுக்கு நேர்மையான வழி, காத்திருக்கறது. வெர்சாய் அரண்மனை வளாகத்துல 1928-ல் சில பாத்திகளை ஒதுக்கினாங்க. பயிர் கிடையாது, களை கூட முளைக்க விடறதில்லை. புதுசா கார்பன் உள்ள போக வழியே இல்லை, இருக்கறதை நுண்ணுயிர்கள் தின்னுக்கிட்டே இருக்கும். உரமே போடாத பாத்திகள்ல 80 வருஷத்துல பாதிக்கு மேல காலி. அதுக்கப்புறமும் மிச்சம் நிக்குது பாருங்க, அதுதான் நிலையான கார்பன். சுவீடன்ல உல்டுனா (1956), இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் (1959), அங்கயும் இதே மாதிரி வெறும் நிலம். ஒரு வேலையும் செய்யாம நிலத்தைச் சும்மா போட்டு வைக்க எத்தனை பேர் வேலை செஞ்சிருக்கணும்! எங்க ப்ராஜெக்ட் மேனேஜர் ஒரு ஸ்பிரிண்ட் கூடத் தாங்க மாட்டார்.

இப்போ நம்ம துறை வருது. 1970கள்ல பெட்ரோலியப் பாறையை ஆராய பிரான்ஸ்ல 'ராக்-இவால்'னு ஒரு கருவி செஞ்சாங்க. துளி மண்ணை ஆக்சிஜன் இல்லாம 650 டிகிரி வரைக்கும் சூடாக்கி, அப்புறம் ஆக்சிஜன் விட்டு 850 வரைக்கும் எரிச்சு, எந்தச் சூட்டுல எவ்வளவு வாயு வருதுன்னு பாக்கும். 2018-ல் செசில்லோன் குழு அந்தக் கோடுகளையும் வெறும் நில மண் மாதிரிகளையும் ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட்டுக்கு ஊட்டி, நூறு வருஷக் கணக்குல நிலைக்கற பங்கைச் சொல்ல வச்சாங்க. 80 வருஷக் காத்திருப்பை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல சுருக்கற வித்தை. நிஜமாவே அழகான வேலை.

ஆனா அந்த மாடல் படிச்ச பாடம் வடமேற்கு ஐரோப்பாவோட குளிர் மண். அதைக் கொண்டுவந்து நம்ம செம்மண்ணுல ஓட்டினா ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும். மாடல் என்னைக்கு "தெரியாது"ன்னு சொல்லியிருக்கு? கோயம்புத்தூர்ல 1909-லிருந்து நடக்கற நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கு. அங்க பயிர் உண்டு, வெறும் நிலம் இல்லை. ஆனாலும் நம்ம வெயில்ல நூறு வருஷம் தாண்டின மண்ணு அது. மாடலைச் சரிபார்க்க அங்கேருந்து ஆரம்பிக்கலாம்.

இன்னொரு சிக்கல். மூலக்கூறு சிக்கலா இருந்தா கார்பன் மக்காது, அதான் நிலைக்கும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2011-ல் ஷ்மிட் முதலான பலர் சேர்ந்து நேச்சர் இதழ்ல எழுதின கட்டுரை அதைத் திருப்பிப் போட்டது. நிலைக்கறதும் நிலைக்காததும் மூலக்கூறை மட்டும் பொறுத்ததில்லை. நுண்ணுயிர் அதை எட்ட முடியுதா, களிமண் பிடிச்சு வச்சிருக்கா, ஈரம், சூடு எல்லாம் சேர்ந்த குணம்னாங்க. அப்போ லேப்ல வர எண் இன்னைய நிலைமைக்குத்தான். நாளைக்கு ஆழ உழுதா, மழை மாறினா, கணக்கும் மாறும்.

அதுக்காக நிலையான கார்பனுக்கு மட்டும் காசுன்னு சொல்லவும் மனசு வரலை. கனடாவுல ஜான்சன்ங்கற மண் விஞ்ஞானி 2006-லயே கேட்டார், கார்பனைப் பதுக்கவா, பயன்படுத்தவான்னு. மக்கும்போதுதானே தழைச்சத்து பயிருக்குக் கிடைக்குது? மக்காத கார்பன் லாக்கர் நகை மாதிரி, அடுப்பு எரிய உதவாது.

ஆக என் கட்சி இதுதான். ரசீதுல மொத்தம் எவ்வளவு, நிலையானது எவ்வளவுன்னு ரெண்டு எண்ணும் இருக்கணும், ரெண்டாவதை எந்த ஊர் மண்ணை வச்சு அளந்தாங்கன்னும் எழுதணும். அது இல்லாத வரைக்கும் 100 வருஷ ஒப்பந்தம் வேண்டாம்; அந்தந்த வருஷம் மண்ணுல இருக்கறதுக்கு வாடகை மாதிரி குடுங்க. நாளைக்குக் கார்பன் பறந்துட்டா வாங்கினவருக்கு வாடகை மிச்சம், விவசாயி தலையில கடன் ஏறாது.

வாடகைன்னா எந்தக் கம்பெனியும் வாங்க வராதுன்னு நினைக்கறவங்க பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம். வேளாண் கல்லூரில படிச்ச பதிவர்கள் கண்டிப்பா வரணும்.