வாத்தியார் அம்மா, வகுப்பறை சமையற்கட்டு

காலை ஆறரை மணிக்குத் தாராவியிலோ சயானிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தை எட்டிப் பார்த்தால் ஒரே அமளியாக இருக்கும். பையன் ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு மறு ஷூவைத் தேடுவான். பெண் தலையை அம்மாவிடம் பின்னக் கொடுத்துவிட்டு வாய்ப்பாட்டை முணுமுணுப்பாள். "டப்பா எங்கே, டை எங்கே, நேற்று வாங்கிய நோட்டு எங்கே" என்று வீடு முழுவதும் தேடல் நடக்கும். ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்களே என்ற பயம் தாய்க்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டு.

அமெரிக்காவில் பல லட்சம் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை. பெற்றோரே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித் தருகிறார்கள். ஹோம் ஸ்கூலிங் என்று அதற்குப் பெயர். வீட்டுப் பள்ளி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அந்நாட்டு அரசாங்கக் கணக்கின்படி 1999ல் சுமார் 8,50,000 பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள். 2016ல் அது ஏறக்குறைய 17 லட்சமாகியது. இவர்களில் கணிசமானவர்கள் பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

அப்படி ஒரு வீட்டில் படிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் பள்ளிக்கூடத்தில் அப்படி என்னம்மா விசேஷம்?" என்று கேட்டால் என்ன சொல்லுவாள்? அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் வேடிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தால் அவள் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாரும் தாமதமாக வந்ததில்லை. கட்டிலிலிருந்து பத்தே அடி தூரம். யூனிபாரம் என்னவென்றால் ராத்திரி போட்டுக்கொண்டு படுத்த பைஜாமாதான். வகுப்பில் எப்போதும் முதல் ராங்க் எனக்குத்தான். கடைசி ராங்க்கும் எனக்குத்தான். பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிக்கலாம் என்றால் பக்கத்தில் இருப்பவன் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி. பாட நேரத்தில் தூங்குகிறவர் எங்கள் நாயார் ஒருவரே. டீச்சர் மேல் ஹெட்மாஸ்டரிடம் புகார் கொடுக்க முடியாது; அவர் டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டவர். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் வகுப்பே கூடி உரக்க ஜெபம் செய்வோம். எங்கள் டீச்சர் போடும் கணக்குகளுக்கு அது அவசியம். பனி கொட்டினால் ஊரெல்லாம் லீவு, எங்களுக்கு மட்டும் கிடையாது. குறை என்றால் அது ஒன்றுதான்."

"எல்லாம் சரி, நாலு பேரோடு பழக வேண்டாமா?" என்று கேட்டுவிட்டால் போதும். அதற்கும் பதில் தயாராக இருக்கும். "இந்தக் கேள்வியை இந்த வாரம் கேட்ட ஏழாவது ஆள் நீங்கள். அப்படியானால் ஏழு பேரோடு பழகியிருக்கிறேன் அல்லவா?"

விளையாட்டுக்குள்ளே விஷயம்

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிப்புக்குள்ளே மூன்று நன்மைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது நேரம். போகவர ஆகும் நேரமும், வருகைப் பதிவுக்கும் வரிசையில் நிற்பதற்கும் ஆகும் நேரமும் மிச்சம். இரண்டாவது வேகம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் வாத்தியார் ஒரே வேகத்தில்தான் போக முடியும். பின்னங்கள் புரியாத பிள்ளைக்காக அவர் ஒரு வாரம் நிற்க முடியாது. புரிந்துகொண்ட பிள்ளையை முன்னால் அனுப்பவும் முடியாது. வீட்டில் இரண்டும் முடியும். மூன்றாவது, தங்கள் நம்பிக்கையைப் பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பது.

இந்த மூன்றாவதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அரசுப் பள்ளிகளில் நிர்வாகமே பிரார்த்தனை நடத்துவதும், பைபிள் வாசிக்கச் செய்வதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1962லும் 1963லும் தீர்ப்பளித்தது. ஒரு மாணவன் தனக்குள் ஜெபம் செய்வதை அந்தத் தீர்ப்புகள் தடுக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து கடவுளை வெளியேற்றிவிட்டார்கள் என்றே பக்தர்கள் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் பின்னாளில் பலரை வீட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்த யோசனை மதத்திலிருந்து மட்டும் பிறந்ததல்ல. ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்து 1964ல் ஒரு புத்தகம் எழுதினார். பயம்தான் அவர்களைத் தோற்கடிக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பள்ளிகளைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கை போன பிறகு, 1977ல் வீட்டுக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் சேர்க்க வேண்டாம் என்று வாதாடிய ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதிகளோ பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். இரு திசையிலிருந்து வந்தவர்களும் ஒரே வாசலில் சந்தித்தார்கள். பல மாநிலங்களில் முதலில் சட்டச் சிக்கல் இருந்தது. 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வழி திறந்தது.

பலனும் இல்லாமலில்லை. நாடு தழுவிய ஆங்கில எழுத்துக்கூட்டுப் போட்டி ஒன்று அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. 2000ல் அதில் முதல் மூன்று இடங்களையும் வீட்டில் படித்த பிள்ளைகளே பிடித்தார்கள். முதலிடம் பெற்றவன் ஜார்ஜ் ஆபிரகாம் தம்பி என்ற பன்னிரண்டு வயது இந்திய வம்சாவளிச் சிறுவன். அதே ஆண்டு தேசிய பூகோளப் போட்டியிலும் இரண்டாமிடம் அவனுக்கே. கிறிஸ்தவ மிஷனரி பெற்றோரிடம் வீட்டில் படித்த டிம் டெபோ, புளோரிடா மாநிலச் சட்டம் இடம் கொடுத்ததால் ஓர் அரசுப் பள்ளி அணியில் சேர்ந்து விளையாடினார். கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய விருதை 2007ல் பெற்றார்.

பிள்ளையைக் கேட்டார்களா?

ஆனால் ஒன்று. வெற்றி பெற்றவர்களை வைத்து மட்டும் ஒரு முறையை எடை போட்டுவிட முடியாது. இந்த வழக்கில் பேசுகிறவர்கள் யார் என்று கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் அரசாங்கம். மறு பக்கம் பெற்றோர். நடுவில் நிற்கும் பிள்ளையின் குரல் அபூர்வமாகவே காதில் விழுகிறது.

1972ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த ஒரு வழக்கு இதற்குச் சான்று. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் எட்டாம் வகுப்புக்கு மேல் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். உழவும் தச்சும் வீட்டு வேலையும் கற்றால் போதும், மேற்படிப்பு தங்கள் வாழ்க்கை முறையைக் குலைத்துவிடும் என்பது அவர்கள் கட்சி. கீழ்க்கோர்ட்டில் ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விழுந்தது. மேல்முறையீடு ஏறி ஏறிப் போய்க் கடைசியில் பெற்றோர்களே ஜெயித்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டார். சம்பந்தப்பட்ட மூன்று பிள்ளைகளில் ஒருத்திதான் கூண்டில் ஏறித் தன் விருப்பத்தைச் சொன்னாள். மற்ற இருவரை யாராவது கேட்டார்களா என்பது அவர் எழுப்பிய கேள்வி. பியானோ கலைஞனாகவோ விண்வெளி வீரனாகவோ ஆக ஒரு பிள்ளை ஆசைப்படலாம். அந்தக் கதவைத் தகப்பனார் சாத்திவிட்டால் வாழ்நாள் முழுவதும் நஷ்டப்படுவது பிள்ளைதான் என்பது அவர் வாதத்தின் சாரம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேள்வி பழசாகவில்லை.

அதனால்தான் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் கேலிப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். தன் டீச்சரையும் ஹெட்மாஸ்டரையும் அவர்கள் எதிரிலேயே கேலி செய்ய அவளால் முடிகிறது. அவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். பயமிருக்கும் வீட்டில் இந்தச் சிரிப்பு வராது. அவள் பட்டியல் போட்ட நன்மைகளைக் காட்டிலும் அந்தச் சிரிப்பே நல்ல சான்றிதழ்.

சிரிக்காத பிள்ளைகளும் உண்டு. வீட்டுப் பள்ளியில் வளர்ந்த சிலரே பெரியவர்களான பிறகு 2013ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். வீட்டுக் கல்வியை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. கண்காணிப்பு வேண்டும் என்கிறார்கள். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கட்டாயம்கூட இல்லை. நல்ல வீட்டுக்கு அது சுதந்திரம். கெட்ட வீட்டில் அடிபடும் பிள்ளைக்கோ, அதைக் கவனித்து என்ன ஏது என்று விசாரிக்க ஒரு வாத்தியார்கூட இல்லை என்றாகிறது. ஜெர்மனியோ நேர் எதிர். அங்கே பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும். வீட்டுப் பாடத்துக்கு அனுமதி இல்லை. ஒரு நாடு கதவை அகலத் திறந்தது. இன்னொன்று தாழ் போட்டது. பிள்ளையைக் கேட்டுச் செய்ததாக இரண்டையும் சொல்ல முடியாது.

நம் ஊருக்குச் சரிப்படுமா?

இந்தியாவில் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளைக்குக் கல்வி உரிமை என்கிறது. பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. மீறும் பெற்றோருக்கு அதில் தண்டனை சொல்லப்படவில்லை. வீட்டில் படித்தவர்கள் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதலாம். மும்பையிலேயே ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு மாணவி, வீட்டில் தாயாரின் துணையோடு படித்து, சர்வதேசக் கணிப்பொறி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கினாள். பன்னிரண்டாவது சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. கதவு திறக்கவில்லை. சென்னைக் கணிதக் கழகம் இடம் கொடுத்தது. 2016ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. அவளை அழைத்துக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் பிள்ளைகளின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவது விவேகமாகாது. அந்த அமெரிக்கப் பெண் தன் வேடிக்கைப் பட்டியலில் ஒன்றைச் சொல்லாமல் விட்டாள். அவளுடைய டீச்சருக்குச் சம்பளமில்லை, லீவில்லை, ஓய்வூதியமில்லை. பாடமும் அவள்தான் நடத்த வேண்டும், சமையலும் அவள்தான் செய்ய வேண்டும். கணவன் ஒருவன் சம்பளத்தில் வீடு நடந்தால்தான் இது நடக்கும். இருவரும் வேலைக்குப் போயும் வாடகைக்குப் போதாத பத்துக்குப் பத்து அறையில் எங்கே மேஜை போடுவது?

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. "பெண் பிள்ளை வீட்டிலேயே இருந்து கற்றுக்கொள்ளட்டும்" என்பது இங்கே பழைய வசனம். அதற்கு அர்த்தம் அல்ஜீப்ரா அல்ல; தம்பியைப் பார்த்துக்கொள், பாத்திரம் தேய் என்பதே. நம்மவர் வீட்டுப் பெண்கள் பலருக்கு வீட்டு வாசலைத் தாண்ட முதலில் வழிவிட்டது பள்ளிக்கூடம்தான். பசியோடு வந்த பிள்ளையை உட்காரவைத்துச் சோறு போட்டதும் அதுதான். காமராஜர் தொடங்கி, 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய அந்தச் சோற்றை நம்பிப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கதவை அமெரிக்கக் காற்றுக்குப் பறிகொடுக்கலாகாது.

ஆகவே பள்ளிக்கூடம் இருக்கட்டும். ஆனால் வீட்டுப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. உண்மையில் வெளிமாநிலத் தமிழர்கள் அதை வெகு காலமாகவே நடத்தி வருகிறார்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. ஆனாலும் பல வீடுகளில் பிள்ளை படிப்பது இங்கிலீஷ் மீடியத்தில். தெருவில் பேசுவது ஹிந்தியும் மராத்தியும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வர வேண்டுமானால் ஒரே வழி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா சிலேட்டை எடுத்து அனா ஆவன்னா போட்டுக் கொடுப்பதுதான். வாத்தியார் அம்மா, வகுப்பறை சமையற்கட்டு, ஹெட்மாஸ்டர் தாத்தா. இதற்கு அரசாங்க அனுமதி வேண்டியதில்லை, பீஸ் கட்ட வேண்டியதுமில்லை.

அந்த அரை மணி நேரமும் இன்னொரு டியூஷனாக, இன்னொரு அடியாக, இன்னொரு பயமாக ஆகிவிட்டால் தமிழ் என்றாலே பிள்ளை ஓடிவிடும். "றகரம் இங்கே, ரகரம் அங்கே" என்று காதைத் திருகினால் இரண்டு எழுத்தும் வராது. கதை சொல்லி, ஊர் விஷயம் சொல்லி, பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி நடத்தினால் பிள்ளை தானாக வந்து உட்காரும். "எங்கள் டீச்சருக்குக் குக்கர் மூன்று விசில் அடித்தால் பீரியட் முடிந்துவிடும்" என்று அது கேலி செய்யத் தொடங்கினால், அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். வகுப்பு நன்றாக நடக்கிறது என்று வைத்துக்கொண்டு மறுநாளும் சிலேட்டை எடுக்கலாம்.