கையுறை கடைசியில்தான்

சென்ற ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தேன். டல்லாஸ் நகரத்துக்கு வடக்கே, நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி. அங்கே பள்ளிக்கூடம் திறப்பது ஆகஸ்ட் நடுவில். அதற்கு முன்னால் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் பிள்ளைகளின் துணிமணிக்கும் பள்ளிப் பைக்கும் விற்பனை வரி கிடையாது. நம் ஊர் ஆடித் தள்ளுபடியில் பார்ப்பது போலக் கூட்டம்.

மூன்றாம் வகுப்புக்குப் போகும் பேரனுக்குப் பை வாங்கினோம். டைனோசர் படம் போட்டது. வாங்கி வந்த இரவு, அவன் தூங்கிய பிறகு, மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இதையும் வாங்கிடலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

பரீட்சை அட்டை அளவில் ஒரு கறுப்புப் பலகை. பைக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிக்கொள்ளலாம், துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று போட்டிருந்தது. விலை நூறு டாலருக்கு மேல். கீழே ஒரு சிறுவன் அதே பையை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளைதான் சொன்னார், "அப்படி நடக்கிற வாய்ப்பே ரொம்பக் குறைவு மாமா. இவதான் பயப்படறா."

"உவால்டே இங்கேருந்து கார்ல ஆறு மணி நேரம்தான்" என்றாள் மகள். பிறகு என்னிடம், "ஈ.பி.ல முப்பத்து நாலு வருஷம் சேஃப்டி சேஃப்டின்னு சொன்னவர் நீங்க. இப்ப சொல்லுங்க" என்றாள்.

இரண்டு நாள் டைம் கேட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? மாப்பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு தேடிப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் அந்த நாட்டில் பேரன், பேத்தி இருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பலகை. கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை மூன்று-ஏ என்ற தரம். அது கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும். இந்தத் தரங்களை வகுத்தது அமெரிக்க நீதித்துறையின் கீழுள்ள தேசிய நீதி நிறுவனம். வகுத்ததோ போலீஸ்காரர்கள் அணியும் கவச உடைக்காக. பள்ளிப் பைகளைத் தாங்கள் சோதிப்பதும் இல்லை, சான்று தருவதும் இல்லை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ரைஃபிள் குண்டைத் தடுக்கக் கெட்டித் தகடு வேண்டும். அதை ஒரு எட்டு வயதுப் பிள்ளை தினமும் புத்தகத்தோடு சேர்த்துச் சுமக்க முடியாது.

சரி, அந்தக் கொலைகாரர்கள் எதைக் கொண்டு வந்தார்கள்? 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலம் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர்கள் 6 பேரும் இறந்தார்கள். 2018-ல் புளோரிடாவின் பார்க்லாண்டில் 17 பேர். 2022 மே மாதம் டெக்சாஸின் உவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். மூன்றிலும் ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள். அந்தப் பலகை மூன்று இடத்திலும் நின்றிருக்காது. கைத்துப்பாக்கியோடு வந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. 2021-ல் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் இறந்தது கைத்துப்பாக்கியால்தான். அங்கே அது உதவியிருக்கலாம், பிள்ளையின் முதுகில் பை இருந்திருந்தால்.

இந்த 'இருந்திருந்தால்' என்பதைப் பேரன்தான் தெளிவாக்கினான். "ஸ்கூல்ல பையை எங்கேடா வைப்பே?" என்று சும்மா கேட்டேன். "கொக்கியில மாட்டிடணும் தாத்தா. கிளாஸ் முடியறவரைக்கும் தொடக்கூடாது."

அந்தப் பேச்சிலேயே இன்னொன்றும் சொன்னான். வருடத்தில் சில முறை ஒத்திகை உண்டாம். கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதே, இந்த மூன்றும்தான் கட்டளை. எல்லாரும் கதவிலிருந்து தெரியாத மூலையில் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். டீச்சர் சொல்லும்வரை பேசக்கூடாது. "நான் நல்லா பண்ணுவேன் தாத்தா, பாக்கறீங்களா?" என்று சாப்பாட்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் அசையவே இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். நான்தான் "போதும்டா, வா" என்றேன். ஒளிந்து விளையாடத் தெரிந்த பிள்ளைதான். ஆனால் அது விளையாட்டில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் பழைய ஃபோர்மேன் ஞாபகம் வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பத்தில் ஏறப் போகும் பையன்களை வரிசையாக நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்பார். "கையில என்னடா மாட்டியிருக்கே?" ரப்பர் கையுறை என்று பெருமையாகச் சொல்வோம். "அது கடைசி. முதல்ல என்ன?" என்பார். முதலில் துணைமின்நிலையத்தில் எல்.சி. வாங்க வேண்டும். பிறகு ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து லைனில் சப்ளை இல்லை என்று பார்க்க வேண்டும். எர்த் ராடு மாட்ட வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் கையுறையும் பெல்ட்டும். "இதெல்லாம் பண்ணாம கையுறையை மட்டும் நம்பி ஏறுறவன் என் செக்‌ஷனுக்கு வேண்டாம்" என்பார்.

கையுறையை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையைத்தான் சொன்னார். லைனில் சப்ளையை அப்படியே விட்டுவிட்டு ஆளுக்கொரு கையுறை கொடுப்பது பாதுகாப்பு ஆகாது. அமெரிக்காவில் பிள்ளைகள் விஷயத்தில் நடப்பது எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அதிலும் அந்தக் கையுறையைப் பெற்றவர்களே காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நூறு டாலர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

கவசத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உவால்டேயே சாட்சி. அன்று அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த போலீசாரும் பிற காவல் துறையினரும் 376 பேர் என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை சொல்கிறது. கவச உடை போட்டவர்கள், கையில் ரைஃபிள் வைத்திருந்தவர்கள். அவர்கள் அந்த வகுப்பறைக்குள் போய்க் கொலைகாரனை வீழ்த்த 77 நிமிஷம் ஆயிற்று. கேடயம் வரட்டும், சாவி வரட்டும் என்று வராந்தாவில் நின்றார்கள். எதிரே இருக்கும் ஆயுதம் அப்படி. பயிற்சி பெற்ற பெரியவர்களே கவசத்தோடு தயங்கிய இடத்தில், டைனோசர் பையை வைத்துக்கொண்டு நம் பிள்ளை என்ன செய்வான்?

அப்படியானால் சப்ளையை எங்கே நிறுத்துவது? அமெரிக்க ரகசியக் காவல் பணி 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பத்து வருடத்தில் பள்ளிகளில் நடந்த தாக்குதல்களை எடுத்துப் பார்த்ததில், துப்பாக்கியால் தாக்கிய மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அதை எடுத்தது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. நான் மேலே சொன்ன ஆக்ஸ்ஃபோர்டு பள்ளிச் சம்பவத்தில் அந்தப் பையனின் தாய், தகப்பன் இருவருக்குமே 2024-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆக, பெரும்பாலும் திறக்க வேண்டிய முதல் சுவிட்ச் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு பூட்டு.

அடுத்தது வயது. உவால்டேயில் சுட்டவன் பதினெட்டு வயது நிறைந்த சில நாட்களிலேயே இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி கடையில் வாங்கியிருக்கிறான். அமெரிக்க மத்திய சட்டப்படி, உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும், ரைஃபிளுக்கு 18 போதும்! பார்க்லாண்டுக்குப் பிறகு புளோரிடா இந்த வயதை 21 ஆக்கிவிட்டது. டெக்சாஸில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் ஆஸ்டினுக்குப் போய் அதையே கேட்டு மன்றாடினார்கள். 2023-ல் அந்த மசோதா குழுவில் தேறியும் சபையில் ஓட்டுக்கு வராமலே காலாவதியானது.

"அது அவர்கள் நாடு, துப்பாக்கி வைத்திருப்பது அவர்கள் அரசியல் சட்டம் தந்த உரிமை, விசிட்டர் விசாவில் போன உமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் உரிமையை எடுத்துவிடச் சொல்ல நான் யார்? பூட்டி வை என்பதும், மூன்று வருடம் பொறுத்து வாங்கு என்பதும் உரிமையைப் பிடுங்குவது ஆகாது. என் பேரன் அந்த நாட்டில் பிறந்தவன், அந்த நாட்டுக் குடிமகன். அவன் சார்பில் தாத்தா இவ்வளவு பேசலாம்.

1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் ஒருவன் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே பிரிட்டன் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை அநேகமாக முழுவதும் தடை செய்தது. அதன் பிறகு அங்கே எந்தப் பள்ளியிலும் அப்படி ஒரு கூட்டக் கொலை துப்பாக்கியால் நடக்கவில்லை. நம்மிடமும் ஓர் உதாரணம் உண்டு. 2004-ல் கும்பகோணத்தில் பள்ளி தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகியபோது, தீப்பிடிக்காத சட்டை வாங்கி மாட்டுங்கள் என்று யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை. பள்ளிகளின் கீற்றுக் கூரையைத்தான் இறக்கினார்கள். அதற்கு 94 உயிர் தேவைப்பட்டது என்பது நம் வெட்கம். என்றாலும் கை வைத்த இடம் சரியான இடம்.

மாப்பிள்ளை சொன்னதும் பொய்யில்லை. பள்ளியில் அப்படி இறக்கும் வாய்ப்பு ஒரு தனிப் பிள்ளைக்கு மிக மிகக் குறைவு. ஆனால் 2020-ல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி வந்துவிட்டது, சாலை விபத்தையும் முந்திக்கொண்டு. அதில் மிகப் பெரும்பாலானவை பள்ளிக்கு வெளியே, வீட்டிலும் தெருவிலும் நடப்பவை. பள்ளிப் பையில் செருகும் பலகை அங்கே ஒன்றுக்கும் உதவாது.

மூன்றாம் நாள் மகளிடம் சொன்னேன். "வாங்காதேன்னு சொல்ல எனக்கு வாய் வரலைம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பேச்சு என்னைக் கொன்னுடும். உனக்கு ராத்திரி தூக்கம் வரணும்னா வாங்கிக்கோ. ஆனா அது கையுறை. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அவன் யார் யார் வீட்டுக்கு விளையாடப் போறான்?"

மூன்று வீடு சொன்னாள்.

"அங்கே துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்காங்களா? குண்டைத் தனியா வெச்சிருக்காங்களா?"

அவள் முகம் மாறிவிட்டது. "அதெப்படிப்பா கேக்கறது? தப்பா நினைப்பாங்க."

அங்கே குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான் இது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் குண்டை எடுத்துவிட்டுப் பூட்டி வை, குண்டை வேறிடத்தில் பூட்டி வை, பிள்ளையை அனுப்பும் வீட்டிலும் கேட்டுவிட்டு அனுப்பு என்கிறார்கள். நாய் இருக்கிறதா, வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். இதைக் கேட்க மட்டும் நாக்கு எழுவதில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. நூறு டாலர் கொடுத்துப் பலகை வாங்குவது சுலபம். பக்கத்து வீட்டுக்காரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் கஷ்டம்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் கேட்டுவிட்டாள். முதல் வீட்டில் துப்பாக்கியே இல்லை. இரண்டாவது வீட்டில் அந்த அம்மாள், "இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று மாடிக்கு அழைத்துப் போய் இரும்புப் பெட்டியைக் காட்டி, கேட்டதற்கு நன்றியும் சொன்னாளாம். மூன்றாவது வீட்டில் "அது எங்கள் சொந்த விஷயம்" என்றார்கள். அந்த வீட்டுப் பையன் இப்போது இவர்கள் வீட்டுக்கு வந்து விளையாடுகிறான். பேரன் அங்கே போவதில்லை.

பலகையை இன்னும் வாங்கவில்லையாம், வேண்டாம் என்று முடிவும் செய்யவில்லையாம். போன வாரம் போனில் சொன்னாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உங்கள் மகனோ மகளோ அங்கே இருந்தால், அடுத்த முறை பேசும்போது அந்தக் கேள்வியை நினைவுபடுத்துங்கள். பேரன், பேத்தி எந்த வீட்டுக்கு விளையாடப் போகிறார்கள், அங்கே பூட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கிறது என்பார்கள். தாத்தா கேட்கச் சொன்னார், பாட்டி கேட்கச் சொன்னாள் என்று பழியை நம் மேல் போட்டுவிடச் சொல்லுங்கள். இந்த வயதில் அது நமக்கு ஒரு பாரமில்லை.