ஆதாம் எந்த ஜாதி?

குயிலாப்பாளையத் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். “யூதர் வேதம் வேறு, கிறிஸ்தவர் சுவிசேஷம் வேறு என்கின்றார்களே, உலகம் உண்டான கதையில் மாத்திரம் இரண்டும் ஒன்றாக இருப்பதேன்?” என்பதே அது. கேட்பதுதான் அறிவுக்கு ஆரம்பமாதலால் நமக்குத் தெரிந்ததைச் சொல்லுகின்றோம்.

ஆதியாகமத்தில் கடவுள் தம் வாய்ச் சொல்லாலேயே ஆறு நாளில் உலகத்தைச் செய்து முடிக்கின்றார். முதல் நாள் வெளிச்சம். நாலாம் நாள்தான் சூரியன். சூரியன் இல்லாமல் மூன்று நாள் காலையும் மாலையும் எப்படி வந்தன என்று கேட்டால் அது நாஸ்திகமாம்! முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பின் மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பின் மிருகங்கள்.

சுவிசேஷக்காரர்களில் யோவான் அதே “ஆதி”யில் தொடங்கி, உலகத்தைப் படைத்த அச்சொல்தான் இயேசு என்கின்றார். அங்கே கடவுள் மண்ணில் மனிதனைச் செய்து மூக்கில் சுவாசம் ஊதினார். இங்கே உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள் மேல் ஊதுகின்றார். லூக்காவோ இயேசுவின் வம்சாவளியை ஆதாம் வரையில் ஏற்றிவிடுகின்றார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முதலில் இயேசுவைப் பின்பற்றியவர்கள் யூதர்கள். புதுச் சரக்குக்குப் பழைய முத்திரை போட்டார்கள். யூதர் கதைக்கும் முன்கதை உண்டு. நினிவேயில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளைப் படித்து 1876-ல் ஜார்ஜ் ஸ்மித் வெளியிட்டார். அந்தப் பாபிலோனியக் கதையிலும் ஆதியில் தண்ணீர். அதைப் பிளந்துதான் வானம். ஆகவே கடவுள் அருளியது என்பதெல்லாம் தேசத்துக்குத் தேசம் கைமாறி வந்ததே ஆகும்.

கதை எப்படியோ போகட்டும். ஆதாம் என்ற பெயரே எபிரேய மொழியில் மண்ணைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது. எல்லாரும் ஒரே மண், ஒரே தகப்பன் மக்கள் என்பதே அதன் சாரம். முகத்தில் ஒருவன், காலில் ஒருவன் பிறந்தான் என்ற புருஷசூக்தப் புளுகைவிட இது எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தடையில்லை.

ஆனால் இங்கேயாவது மனிதராவோம் என்று மாதா கோவிலுக்குப் போன நம் மக்கள் கண்டதென்ன? பக்கத்துப் புதுச்சேரிச் சம்பா கோவிலுக்குள்ளேயே பறையர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்ட பிறகே 1745 அக்டோபரில் அது இடிக்கப்பட்டது என்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்லுகின்றது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கோவில் சுவர் 1910-ல்தான் போயிற்று. சுவர் போயிற்றேயொழிய ஜாதி போயிற்றா? 2008 மார்ச்சில், அன்று விழுப்புரம் ஜில்லாவிலிருந்த எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். தாக்கியவர்களுக்கும் அதே வேதம், அதே ஆதாம்!

1968 பிப்ரவரி 28-ல் குயிலாப்பாளையத்துக்கு அருகே ஆரோவில்லைத் துவக்கியபோது 124 நாட்டு மண்ணை ஒரே தாழியில் கொட்டினார்கள். மண்ணும் மண்ணும் தீட்டுப் பார்க்கவில்லை. மண்ணிலிருந்து வந்தோம் என்று ஓதுகிறவனுக்குத்தான் கல்லறையிலும் தனியிடம் வேண்டியிருக்கின்றது.

ஆகையால், தோழர்களே! படைப்பைப் பற்றிப் பிரசங்கிக்க வருகிறவர் பாதிரியாரானாலும் சாஸ்திரியாரானாலும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆதாம் எந்த ஜாதி? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர்கள் ஆறு நாள் கதையைத் தொடங்கட்டும்.