தோற்றால் வீட்டுக்குப் போகிற விளையாட்டு

எனக்கும் தம்பிக்கும் இந்த விசயத்தில் நாலு வருசமாகச் சண்டை. அவன் என்.பி.ஏ ஆள். சுவரில் ஸ்டெஃப் கரி, போனில் கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ், வாயில் எந்நேரமும் புள்ளிவிபரம். நான் பார்க்கிறது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. "அக்கா, எல் போட் போட்ட பஸ்ஸில ஆராவது காசு குடுத்து ஏறுவாங்களா? நல்லா ஓட்டத் தெரிஞ்சவன்ட பஸ் பக்கத்திலயே நிக்குதே" என்று போன விடுமுறையில் கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மா வேறு சிரித்துவிட்டா. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவன் சொல்வதில் சரியானதை ஒத்துக்கொள்ளுவோம். என்.பி.ஏயில் 30 அணிகள், அணிக்கு 15 பேர். உலகத்திலேயே பந்தைப் பிடிக்கத் தெரிந்த மிகச் சிறந்த 450 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லூரிகளில் முதற் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. தரம் குறையாமல் என்ன செய்யும்? மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் கூடைக்குக் கிட்டத்தான் கிடக்கு, 6.75 மீற்றர். என்.பி.ஏயில் 7.24. அப்படியிருந்தும் பொடியன்மார் விடுவார்கள். எறிய 24 செக்கனுக்குப் பதிலாக 30 செக்கன் குடுத்தும் சில அணிகள் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய்க் கடைசியில் ஒரு விசர் எறி எறியும். 2011 இறுதிப்போட்டியில் பட்லர் பல்கலைக்கழகம் 64 தரம் எறிந்து 12 தரம்தான் கூடைக்குள் போட்டது. 53-41 என்று கனெக்டிகட் வென்றது. தம்பி இந்த 64க்கு 12ஐ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான்.

அவன் சொல்லாதது, அதற்கு முதல் வருசம் நடந்தது. 2010இலும் அதே பட்லர் இறுதிக்கு வந்தது. பெரிய பேர் இல்லாத கல்லூரி. போட்டி நடந்தது அவர்களுடைய சொந்த நகரமான இண்டியானாபொலிஸில். எதிரில் டியூக். 61-59 என்று பின்னுக்கு நிற்கும்போது கோர்டன் ஹேவர்ட் நடுக்கோட்டிலிருந்து பந்தை வீசினார். அது பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. ஹேவர்ட் அதற்குப் பிறகு என்.பி.ஏயில் பத்து வருசத்துக்கு மேல் விளையாடினார், கோடிக் கணக்கில் உழைத்தார். தம்பிக்கு அவர் அந்த ஹேவர்ட். எனக்கு அவர், அந்தப் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பிவரும்போது கோர்ட்டில் நின்ற பொடியன்.

என்.பி.ஏயில் ஒரு அணிக்கு வழமையான பருவத்தில் 82 போட்டிகள். இன்றைக்குத் தோற்றால் நாளைக்கோ நாளைண்டைக்கோ இன்னொன்று. பெரிய நட்சத்திரங்களுக்கு இடையிடையே "ஓய்வு" குடுத்து இருத்திவிடுவார்கள். நாங்கள் நித்திரை முழிச்சுப் பார்த்தால் ஆள் கோட் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார். அதை விட மோசம், கடைசியில் நிற்கிற அணிகளுக்கு அடுத்த வருடப் புதுமுகத் தெரிவில் முதல் இடம் கிடைக்கிற வாய்ப்புக் கூட. அதனால் மாசி, பங்குனியில் சில அணிகள் தோற்கிறதில் நட்டமில்லை என்பது போல விளையாடும். நொக்அவுட் கட்டத்திலும் ஏழு போட்டித் தொடர். திறமான அணி ஒரு நாள் சறுக்கினாலும் எழும்பி வர இன்னும் ஆறு நாள் இருக்கு. நீதியான முறைதான், ஆனால் எனக்கு அதில் நெஞ்சு இடிக்காது.

கல்லூரியில் பங்குனி மாதம் 68 அணிகள். தோற்றால் வீடு, அவ்வளவுதான். மூன்று கிழமையில் எல்லாம் முடிந்துவிடும்.

நான் இதற்குள் விழுந்தது 2022 மார்ச்சில். அந்த மார்ச்சை உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மின்வெட்டு, காஸ் வரிசை, பெற்றோல் வரிசை. எங்களுடைய உயர்தரப் பரீட்சை மாதத் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தது. செய்ய ஒன்றுமில்லை, போக இடமுமில்லை. கரண்ட் இருக்கிற நேரத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, விடியப்புறம் நானும் தம்பியும் முற்றத்துக் கதிரையில் இருந்து பார்ப்பம். (எந்தத் தளம் என்று சொல்ல மாட்டன். நிமிசத்துக்கு நாலு விளம்பரம் வரும்.) அப்படியொரு விடியலில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற ஒரு அணியைக் கண்டம்.

நியூ ஜேர்சியில் ஜேர்சி சிட்டி என்ற இடத்தில் இருக்கிற சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். தரவரிசையில் 15ஆம் இடம். எதிரில் 2ஆம் இடத்துக் கென்டக்கி, எட்டுத் தரம் சம்பியனான அணி. கென்டக்கிப் பயிற்றுவிப்பாளருடைய ஒரு வருசச் சம்பளம், செயின்ட் பீட்டர்ஸ் கூடைப்பந்துக்குச் செலவழிக்கிற மொத்தக் காசைவிடப் பல மடங்கு. பெஞ்சிலிருந்து இறங்கின டக் எடர்ட் என்ற ஒரு மெல்லிய மீசைக்காரன் 20 புள்ளி போட்டான். மேலதிக நேரத்தில் 85-79 என்று கென்டக்கி வீட்டுக்குப் போனது. தம்பி கதிரையில் ஏறி நின்று கத்தி, அப்பா எழும்பி வந்து இரண்டு பேருக்கும் ஏச்சு. (அவன் இப்ப இதை மறுப்பான். நான் சாட்சி.) பிறகு மர்ரே ஸ்டேட், பிறகு பேர்டியூ. 15ஆம் இடத்து அணி ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தரம். அங்கே நோர்த் கரோலினா 69-49 என்று நொறுக்கிவிட்டது. அன்றைக்கு வெயில் வரும்வரை இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

கல்லூரி வீரர்களில் மிகச் சிலர்தான் என்.பி.ஏக்குப் போவார்கள். மிச்சப் பேரில் கொஞ்சப் பேர் ஐரோப்பாவிலோ வேறெங்கோ விளையாடுவார்கள். அநேகமானவர்களுக்குக் கல்லூரியோடு முடிந்தது. பிறகு வேலை, குடும்பம், ஞாயிற்றுக்கிழமையில் கூட்டாளிமாரோடு ஒரு மெச். அதனால் அந்தக் கடைசிப் போட்டி முடிய ஒரு நாலாம் வருடக்காரன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறது வெறும் தோல்விக் கவலையில்லை. பத்துப் பன்னிரண்டு வயசிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் செய்த ஒரு காரியம் அந்த நிமிசத்தில் முடிகிறது. என்.பி.ஏயில் தோற்றவருக்கு அடுத்த ஒப்பந்தம் இருக்கும், அடுத்த ஐப்பசியும் இருக்கும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு படுகிறது என்று கேட்டால், எனக்கு அப்படியொரு கடைசிப் போட்டி கிடைக்கவில்லை. 2020 மார்ச் 12 அன்று அமெரிக்காவில் அந்த வருசச் சுற்றுப்போட்டியைக் கொரோனாவால் ரத்துச் செய்தார்கள். அதே கிழமைதான் எங்களுடைய பாடசாலைகளும் பூட்டினது. நான் அப்ப பன்னிரண்டாம் வகுப்பு, பாடசாலை அணியில் இருந்தன். அடுத்த வருசம் எங்கட முறை என்று இருந்தம். திறக்கிறதும் பூட்டுறதுமாக இரண்டு வருசம் போய், நேரே பரீட்சை மண்டபத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். நான் கடைசியாக விளையாடினது மாசி மாதத்தில் ஒரு பயிற்சிப் போட்டி. தோத்தம் என்று தெரியும், எத்தனை புள்ளியால் என்று ஞாபகமில்லை. கடைசி என்று தெரியாமலே விளையாடி முடித்துவிட்டேன். அழக்கூட இல்லை, பஸ் பிடிக்க ஓடினன்.

அமெரிக்க விளையாட்டோடு உனக்கென்ன இவ்வளவு என்று விடுதியில் கேட்கிற ஆக்களுக்கு ஒன்று. நான் மட்டக்களப்பு. எங்கட ஊரில் கூடைப்பந்து வேர்பிடித்ததில் நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமாருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வெபர் மைதானம் என்று நாங்கள் வாய்க்கு வாய் சொல்லுகிற மைதானம் அவர்களில் ஒருவரான ஹரோல்ட் வெபர் அடிகளாருடைய பேரில்தான் இருக்கு. புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்மாருக்குக் கூடைப்பந்து பழக்கின யூஜின் ஹேபர்ட் அடிகளார் லூசியானாக்காரர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் அவரும் கூடப் போனவரும் காணாமல் போனார்கள். இன்றுவரை அவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. செயின்ட் பீட்டர்ஸும் இயேசு சபைப் பல்கலைக்கழகம்தான் என்று நான் பிறகுதான் வாசித்தேன். எங்கட ஊர்க் கோர்ட்டுக்கும் ஜேர்சி சிட்டிக் கோர்ட்டுக்கும் நடுவில் இப்படியொரு தொடுப்பு இருக்குமென்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

இன்னொரு காரணம், பெண்கள். தொழில்முறை விளையாட்டில் பெண்களுக்குக் கிடைக்கிற இடம் தெரிந்ததுதானே. ஆனால் 2024இல் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதின பெண்கள் கல்லூரி இறுதிப்போட்டியை அமெரிக்காவில் 18 மில்லியனுக்கு மேற்பட்ட ஆட்கள் பார்த்தார்கள். ஆண்களுடைய இறுதிக்கு 15 மில்லியன்கூட வரவில்லை. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அதே வருசம் தொழில்முறைக்குப் போனபோது முதல் வருசச் சம்பளம் 76,535 டொலர். தம்பியின் என்.பி.ஏயில் அதை ஒரு போட்டிக்கே உழைக்கிற ஆட்கள் கனபேர். எங்களுடைய பெண்கள் அணி மெச்சுக்கு வந்த சனத்தை விரல்விட்டு எண்ணலாம், அதில் பாதி அடுத்த மெச்சுக்குக் காத்திருந்த பொடியன்மார். அதனால் அந்த 18 மில்லியனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளுவன்.

இனித்தான் சிக்கல்.

செயின்ட் பீட்டர்ஸ் கதைக்கு ஒரு வால் இருக்கு. அந்த ஓட்டம் முடிந்து சில நாளில் பயிற்றுவிப்பாளர் ஷஹீன் ஹோலோவே சீட்டன் ஹோல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எடர்ட் உட்பட முக்கியமான பொடியன்மாரும் வேறு வேறு கல்லூரிகளுக்கு மாறிவிட்டார்கள். 2021இலிருந்து கல்லூரி மாறினால் ஒரு வருசம் சும்மா இருக்கத் தேவையில்லை. அதே வருசத்திலிருந்து தங்களுடைய பேரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் உழைக்கலாம். 2025இல் வந்த நீதிமன்றத் தீர்வோடு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகக் காசு குடுக்கலாம், வருசத்துக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை. "பாருங்க அக்கா, உங்கட தூய்மையான விளையாட்டு" என்று தம்பி நக்கலடிக்கிறான்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்ட செயின்ட் பீட்டர்ஸைப் பிரிச்சுப் போட்டாங்களே என்று. பிறகு ஷபாஸ் நேப்பியர் பற்றி வாசித்தேன். 2014இல் கனெக்டிகட்டைச் சம்பியனாக்கின ஆள். சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாக அந்தச் சுற்றுப்போட்டி நேரத்திலேயே சொன்னார். அரங்கம் நிறைந்து வழியுது, தொலைக்காட்சிக்காரன் உழைக்கிறான், பயிற்றுவிப்பாளர் மில்லியன் கணக்கில் எடுக்கிறார், விளையாடுறவனுக்குப் பசி. இதற்குப் பேர்தான் தூய்மையா? புலமைப்பரிசில் காசு ஒரு மாசம் பிந்தினாலே நாங்கள் விடுதியில் கத்துறம். அந்தப் பொடியன்மார் சும்மா விளையாட வேண்டும், நான் முற்றத்தில் இருந்து உருக வேண்டும் என்றால் அது என்ன ரசனை? அவர்களுக்குக் காசு குடுக்கத்தான் வேண்டும். அதனால் நான் விரும்புகிற விளையாட்டு கொஞ்சம் உடைந்தாலும் குடுக்கத்தான் வேண்டும்.

உடைகிறது என்பதையும் மறைக்க மாட்டன். 2025இல் கடைசி 16 அணிகளும் நாலே நாலு பணக்காரக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. அரையிறுதிக்கு வந்த நாலும் முதலாம் இடத்து அணிகள். செயின்ட் பீட்டர்ஸ் போல ஒன்று இனி வருமா என்று எனக்கும் பயமாகத்தான் கிடக்கு.

ஆனாலும் அந்த வருசத்து இறுதியை விடுதியில் போர்வைக்குள் இருந்து பார்த்தேன். எங்கட நேரத்துக்குக் காலமை ஆறரை வாக்கில், ஏப்ரல் 8. புளோரிடாவும் ஹூஸ்டனும். புளோரிடாவின் வோல்டர் கிளேட்டன் ஐயோனா என்ற சின்னக் கல்லூரியிலிருந்து மாறி வந்தவர், செயின்ட் பீட்டர்ஸ் விளையாடுகிற அதே சின்னக் கூட்டமைப்பு. அவருக்கு நாலாம் வருசம். ஹூஸ்டனில் ஜேவான் ரொபேர்ட்ஸ் என்று ஒருவர், ஆறு வருசமாக எங்கேயும் போகாமல் ஒரே கல்லூரி. 12 புள்ளி பின்னுக்கு நின்ற புளோரிடா எழும்பி வந்து 65-63. ஹூஸ்டனிடம் பந்து, சில செக்கன். இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எறியக் குதித்தார். கிளேட்டன் பறந்து வந்து முன்னுக்கு நின்றார். எறிந்தால் தடுபடும், பந்தோடு நிலத்தில் கால் வைத்தால் தப்பாட்டம். ஷார்ப் பந்தைக் கீழே விட்டார். விட்ட பந்தை அவர் மறுபடி தொட்டாலும் தப்பாட்டம். அது அவருடைய காலடியில் துள்ளிக்கொண்டு கிடந்தது, அவர் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாராவது ஹூஸ்டன்காரன் எடுக்க முதல் புளோரிடாக்காரன் பாய்ந்து விழுந்தான், நேரம் முடிந்தது.

எட்டு மணி விரிவுரை போய்விட்டது. தம்பிக்கு மெசேஜ் போட்டன், பார்த்தியா என்று. பார்த்திருக்கிறான். "கடைசிப் பந்தை எறியவே இல்லையே அக்கா, இதுவா உங்கட விளையாட்டு?" என்று பதில் வந்தது. ஓம், இதுதான் என்று அனுப்பிவிட்டு முகம் கழுவப் போனன்.