சட்டம் விலகியது, கை கொடுக்க ஆள் எங்கே?



1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். ஒழுங்கான வைத்திய வசதி வேண்டும் என்றார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, உயிர்கள் போயின. அன்று கேட்ட வைத்திய வசதி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்கிறோம். காய்ச்சலுக்கு மருந்து வந்தது. வெட்டுக்காயத்துக்குக் கட்டு வந்தது. மனம் உடைந்து, உயிரே பாரம் என்று வருகிறவருக்கு என்ன வந்தது?

நெடுங்காலம் அவருக்கு வந்தது போலீஸ்தான். தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது. வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்தச் சட்டத்தை மக்களவை 2023 மே மாதம் நீக்க முடிவு செய்தது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் கட்டிலருகே நின்ற போலீஸ்காரரை அனுப்பிவிட்டால் போதுமா? அந்த இடத்தில் யாரை நிறுத்தினீர்கள்? இதுதான் எங்கள் கேள்வி.

இது சின்ன விஷயமல்ல. நோய்த்தொற்றுக் காலத்தில் 2020இல் 631 தற்கொலைகள் பதிவாயின என்று போலீஸ் கூறியது. 2021இன் முதல் 5 மாதங்களில் மட்டும் 468. அடுக்குமாடி வீடுகளில் பசிக்கு அடையாளமாக வெள்ளைக்கொடி கட்டிய ஆண்டு அது. மனநல மருத்துவர் டி. மணியம் கேமரன் மலை நிலவரத்தை ஆராய்ந்து 1988இலேயே எழுதினார்: இந்தியரிடையே இத்துயரம் அதிகம் என்று. தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009ஆம் ஆண்டு அறிக்கையும் அதையே சொன்னது. இது இனத்தின் குறையா? இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை இழந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக்கும் பிறகு அடுக்குமாடிக்கும் தள்ளப்பட்ட மக்களின் கணக்கு எந்தப் பேரேட்டில் இருக்கிறது?

இப்படிப்பட்டவர் நேரே மனநல நிபுணரிடம் போவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும் பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்குக்குத்தான் வருகிறார். “தூக்கமில்லை, தலைவலி, நெஞ்சு படபடக்கிறது” என்கிறார். பெனடால் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

“கேட்டால் இல்லாத எண்ணத்தை மூட்டிவிடுவோமே” என்பார்கள் சிலர். தவறு! உலக சுகாதார நிறுவனம் நிபுணரல்லாத ஊழியர்களுக்காக 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, நேராகக் கேள் என்கிறது. கேட்பதால் எண்ணம் மூளாது, மனப்பாரம் குறையும் என்கிறது. ஆபத்திலிருப்பவரைத் தனியே விடாதே, கைக்கெட்டும் ஆபத்தை அகற்று, குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள், பிறகும் தொடர்ந்து விசாரி என்கிறது. இதை மிஸ்ஸியும் மருத்துவ உதவியாளரும் கற்க முடியாதா?

“இதெல்லாம் பெரிய டாக்டர் வேலை” என்பார்கள் வேறு சிலர். சென்னை, கொழும்பு உள்ளிட்ட 5 ஊர்களில் நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினரிடம் அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அவ்வளவுதான்! முதல் பிரிவில் 2.2 சதவிகிதத்தினர் பின்னர் தற்கொலையால் மாண்டனர், மறுபிரிவில் 0.2 சதவிகிதம். யந்திரம் இல்லை, விலையுயர்ந்த மருந்து இல்லை. பயின்ற மனிதரின் பேச்சும் மறவாமையுமே செய்த வேலை இது.

தோட்ட முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. டிரெசர்களைப் பதிவு செய்ய 1965இலேயே சட்டம் வந்தது. காயம் கட்டப் பயின்றவருக்கு இதையும் கற்றுக்கொடுங்கள். மருந்து ஸ்டோருக்குப் பூட்டுப் போடுங்கள். பாராகுவாட்டை இந்நாடு 2002இல் தடுத்து, 2006இல் தளர்த்தி, 2020இல்தான் முற்றாக ஒழித்தது. இலங்கையோ கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அங்கே தற்கொலை விகிதம் 1995இன் உச்சத்திலிருந்து 70 சதவிகிதத்துக்கும் மேல் இறங்கியது. வேளாண்மை அழிந்தா போயிற்று?

நம்மையும் விட்டுவைக்க மாட்டோம். ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் “மானம் போச்சு” என்று வாய்பொத்துகிறோம். பிழைத்தவரைக் கேலி பேசுகிறோம். சம்பளத் தகராறுக்கு ஓடிவரும் கிளைத் தலைவர், சோர்ந்து முடங்கிய தோழரின் வாசலை எத்தனை முறை மிதித்தார்?

ஆகவே கேட்கிறோம்:

1. ஒவ்வொரு சுகாதாரக் கிளினிக் ஊழியருக்கும், தோட்ட டிரெசருக்கும் இப்பயிற்சி கட்டாயமாகட்டும். அரை நாள் சொற்பொழிவும் சான்றிதழும் போதா. செய்து பழகவேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும்.

2. துயரம் தாய்மொழியில்தான் வாய்விட்டு வரும். தமிழ் தெரிந்தவர் இருக்கட்டும். இன்று நம் தோட்டங்களில் உழைக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழருக்கும் அவரவர் மொழி கிடைக்கட்டும்.

3. பிழைத்து வீடு திரும்பியவரைத் தேடி விசாரிக்கப் பெயர் குறித்த ஊழியர் வேண்டும். அதற்குரிய நேரமும் ஆளும் ஒதுக்கப்படவேண்டும்; இருக்கும் ஊழியரின் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றக்கூடாது.

4. கிளைதோறும் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சங்கம் முன்வரவேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத தோழருக்குச் சொல்கிறோம்: 1970 முதல் இயங்கும் பிபிரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-76272929 என்ற எண்ணில் இரவு பகலாகக் காதுகொடுக்கிறது. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தட்டும் சத்தம் கேட்டால், தோழரே, உடனே திறவுங்கள்!