சித்திரச் சந்தை

கொழும்பிலே, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையிற் கூடும் 'கலா பொல', 1993ஆம் ஆண்டு ஜோர்ஜ் கீற் மன்றத்தினரால் தொடக்கப்பட்டது. 'பொல' என்னுஞ் சிங்களச் சொல் சந்தையைக் குறிக்கும். ஆங்கு ஓவியர் தம் படங்களைத் தெருவோரம் வரிசையாக நிறுத்திக் காத்திருப்பர். வாங்குவோர் அவருடனேயே விலை பேசலாம்.

சந்தை என்றதும் நம்மவர் சிலர் கத்தரிக்காய்க்குப் பேசுவதுபோலப் பேரம் பேசுகின்றனர். துணிக்கும் வர்ணத்துக்கும் சட்டத்துக்கும் ஏற்றுகூலிக்கும் ஓவியர் முன்னரே செலவு செய்துவிட்டாரன்றோ? விலைபோகாத படம் வீடு திரும்பவும் கூலி வேண்டும்.

வாங்க வசதியில்லையெனிற் குற்றமில்லை. பிள்ளைகளுடன் சென்று, படத்தின் முன்னே சற்று நின்று, அதனை வரைந்த விதத்தை அவரிடம் கேளுங்கள். வசதியுள்ளோர் சிறு படமொன்றையேனும் சொன்ன விலைக்கு வாங்குக. அடுத்த படத்துக்குரிய துணியும் வர்ணமும் அப்பணத்திலேதான் வரவேண்டும்.